காவல் மாற்ற வந்தவள்

விளையாட்டு வடிவமைக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "மேடம், ஆடுறவங்களுக்கு நிஜமாவே பயம் வரணும்னா என்ன பண்ணணும்?"

கேட்கும்போது அவர்கள் முகத்தில் ஓர் ஆசை தெரியும். அந்த ஆசை எனக்கும் பழக்கமானதுதான். உங்கள் வயதில் நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தேடியது கையில் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரை எந்த வகுப்பிலும் நான் பேசியதில்லை. அதில் சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். இப்போது இல்லை. பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். வாரத்தில் ஆறு நாள் பூக்கூடையும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுப்பேன். ஏழாவது நாள் பெரியவர்களுக்கான ஆட்டங்கள் செய்வேன். கயிறு, சாக்கட்டி, கண்ணைக் கட்டும் துணி, சலங்கை, இவ்வளவுதான் சாமான். ஜெயிப்பதும் தோற்பதும் அந்த ஆட்டங்களில் முக்கியமில்லை. ஆடி முடித்தவர் ஒரு விஷயத்தை உடம்பால் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இதற்கு அப்போது எங்கள் ஊரில் பெயர் கிடையாது. "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்று என் பெரியம்மா சொல்வாள்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கிடங்கு காலியாக இருந்தது. ஒரு காலத்தில் ஏற்றுமதிக்கு வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த இடம். சுவரில் எண்ணெய் வாசனை போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் என்று சொந்தக்காரர் என்னிடம் ஒரு சாவி கொடுத்திருந்தார். மில்லில் வேலை செய்பவர்கள், கல்லூரிப் பையன்கள், கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்சுகள் என்று ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. எனக்குத் துணையாக நடராஜன் சார் வருவார். பையன்கள் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டர். கதவருகே நின்று யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

அந்தக் கூட்டத்தில் வயதில் பெரியவர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பிரெஞ்சுக்காரர்கள் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். நாங்கள் அவரை முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நறுக்கிய மீசை, மெதுவான பேச்சு. சில வாரங்களாக வந்து ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஒருநாள் என்னிடம் வந்து, "மதாம், நானும் ஒரு ஆட்டம் ஆடட்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றைய ஆட்டத்துக்கு 'எல்லை' என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் ஓர் எல்லை வந்துவிடும். பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அதிலிருந்துதான் எடுத்தேன். ஜன்னல்களைச் சாக்குத் துணியால் மூடி இருட்டாக்கிவிடுவோம். கிடங்கின் நடுவே ஒருவர் காவல் நிற்பார். மற்றவர்கள் வெறுங்காலோடு, கையில் ஒரு சலங்கையைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டு, அவரைக் கடந்து எதிர்ச்சுவருக்குப் போக வேண்டும். சத்தம் கேட்டால் காவல்காரர் "யாரு?" என்று கேட்டு, அந்தப் பக்கம் கையை நீட்டித் தொட வேண்டும். யாரும் பதில் சொல்லக்கூடாது. தொடப்பட்டவர் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். எல்லோரும் கடக்கும்வரை ஆட்டம். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் நான் இரண்டு முறை கைதட்டி "ஆட்டம் நின்னுது" என்பேன்.

முசியே காவல் நிற்கிறேன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பட்டாளத்துக்காரர் காவல் நின்றால் சும்மாவா!

வெளியே நல்ல வெயில். உள்ளே கதவிடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். முதலில் போன நர்சை "யாரு?" என்று கேட்டுத் தொட்டுவிட்டார். சிரிப்பு. அடுத்தவரையும் பிடித்தார். மறுபடி சிரிப்பு. அதன் பிறகு எல்லோரும் கவனமாகிவிட்டார்கள். கிடங்கு அமைதியானது. எங்கோ கடல் இரைவது கேட்டது. யாருடைய சலங்கையோ ஒரே ஒரு மணி உருண்டதுபோல் சத்தமிட்டது.

"கி வா லா?"

முசியேவின் குரல்தான். யார் அங்கே என்பதைப் பிரெஞ்சில் கேட்கிறார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆட்டத்துக்குச் சுவை கூட்டுகிறார் என்று நானும் நினைத்தேன்.

"கி வா லா!"

இரண்டாவது முறை குரல் வேறாக இருந்தது. பதில் சொல்லக்கூடாது என்பது என் ஆட்டத்தின் விதி. அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த நொடி ஏதோ பாய்ந்தது. சலங்கை தரையில் விழுந்து சிதறியது. ஓர் உடம்பு பொத்தென்று விழுந்தது.

"டீச்சர்..." என்று ஒரு குரல் பாதியில் நின்றது. சேகரின் குரல். கருவடிக்குப்பத்துப் பையன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

நான் இரண்டு முறை கைதட்டினேன். "ஆட்டம் நின்னுது!" என்று கத்தினேன். மற்றவர்கள் நின்றார்கள். நடுவில் நடந்துகொண்டிருந்தது நிற்கவில்லை. இருட்டுக்குக் கண் பழகியிருந்ததால் உருவம் தெரிந்தது. சேகர் குப்புறக் கிடந்தான். முசியே அவன் முதுகில் ஒரு முழங்காலை ஊன்றி, கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார். சேகரின் பாதங்கள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன. முசியே எங்களைப் பார்த்துத் தலையைத் திருப்பினார். ஒவ்வொருவராக எண்ணுவதுபோல் இருந்தது அந்தத் திருப்பம்.

நடராஜன் சார் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். "தொறந்துடறேன் டீச்சர்."

"வேணாம் சார்."

"அந்தப் பையன் செத்துடுவான்!"

"தொறக்காதீங்க. சொல்றேன்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பட்டது இதுதான். அவர் இருக்கும் இடம் இந்தக் கிடங்கு இல்லை. அங்கே கதவு படாரென்று திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாக ஆட்கள் ஓடிவந்தால் அவர்கள் யாராக இருப்பார்கள்? அவர் கையை ஒரு திருகு திருகினால் போதும், சேகரின் கழுத்து முறிந்துவிடும். நான்கு பேர் பாய்ந்து அவரைப் பிடிக்கலாம்தான். பிடிப்பதற்குள் அது நடந்துவிடும்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. ஒரே ஒரு விஷயம் மண்டையில் வந்து நின்றது. இந்த ஆட்டத்தில் காவல்காரன் வெளியே வர நான் வழியே வைக்கவில்லை. கடப்பவன் கடந்துவிட்டால் வெளியே வந்துவிடுவான், பிடிபட்டவன் உட்கார்ந்துவிடுவான். காவல்காரன்? அவன் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். காவல்காரன் எப்போது போவான்? இன்னொருவன் வந்து அந்த இடத்தை வாங்கிக்கொண்டால் போவான்.

சின்ன வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பங்களா வாசலில் காவல் மாறுவதை நின்று பார்ப்பேன். பிரெஞ்சுக்காரர் காலம். மாற்ற வருகிறவன் பதுங்கி வரமாட்டான். பூட்ஸ் சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்கும். எதிரில் வந்து நின்று ஒரு வார்த்தை சொல்வான். லா ரெலேவ். காவல் மாற்ற வந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

"சார், உங்க செருப்பைக் குடுங்க," என்றேன்.

நடராஜன் சார் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கனமான தோல்செருப்பு அவருடையது. கழற்றிக் கொடுத்தார். போட்டுக்கொண்டு, பெரிய சத்தம் வரும்படி தரையில் அடித்து அடித்து நேராக முசியேவை நோக்கி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது.

"கி வா லா?"

"லா ரெலேவ்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. மறுபடியும் சொன்னேன். "காவல் மாத்த வந்திருக்கேன் முசியே. என் பேரு கமலா."

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. பிறகு கேட்டார். "மோ தெ பாஸ்?"

அடையாள வார்த்தை. பட்டாளத்தில் அன்றைய நாளுக்கென்று ரகசியமாகச் சொல்லி அனுப்பும் வார்த்தை. அது தெரியாமல் வருகிறவன் எதிரி. எனக்கு என்ன தெரியும்? ஏதாவது ஒரு பிரெஞ்சு வார்த்தையை எறிந்து பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தப்பான வார்த்தை என்றால் அந்தக் கழுத்து என் கண் முன்னாலேயே முறியும். சேகரின் மூச்சு இழுப்பதை என்னால் கேட்க முடிந்தது.

"தெரியாது முசியே," என்றேன். "எனக்கு யாரும் சொல்லி அனுப்பல. போய் மாத்திட்டு வான்னு மட்டும்தான் சொன்னாங்க."

அவர் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எப்பவும் இப்பிடித்தான் பண்ணுவானுங்க," என்றார் தமிழில். பிறகு, குழந்தை கேட்பதுபோல் கேட்டார். "ஏன் இவ்ளோ நேரம்? எவ்ளோ நேரமா நிக்கிறேன் தெரியுமா?"

"தெரியும். வழியில நேரமாயிடுச்சி. இப்ப வந்துட்டேன்."

"இவனை இன்னா பண்றது?"

இதுவரை இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் ஒரு பயம் அப்போது வந்தது. இந்தக் கேள்வியை அவர் வேறொரு இடத்தில், வேறு யாரிடமோ கேட்டிருக்கிறார். அங்கே அதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதில் என்னவென்று நான் நினைத்துப் பார்க்கக்கூட விரும்பவில்லை.

"அவனை எங்கிட்ட குடுங்க. இனிமே அவன் என் பொறுப்பு," என்றேன்.

கை தளர்ந்தது. சேகர் இருமிக்கொண்டே என் காலடிக்கு ஊர்ந்து வந்தான். முசியே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். என் காதருகே குனிந்து, "கிழக்கால சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குது. கண்ணை மூடாத," என்றார். அவர் நின்ற இடத்தைக் கையால் காட்டினார். நான் போய் அங்கே நின்றேன்.

கதவை மெதுவாகத் திறக்கச் சொல்லி நடராஜன் சாருக்குக் கையால் காட்டினேன். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. முசியே அதை நோக்கி நடந்தார். வாசலில் நின்று தன் கைகளைப் பார்த்தார். திரும்பி, தரையில் கிடந்த சேகரைப் பார்த்தார். "தம்பி," என்றார். "நானா?"

நடராஜன் சார் அவரை ரிக்ஷாவில் ஏற்றினார். ஏறுவதற்கு முன் முசியே ஒருமுறை திரும்பி, நான் நிற்கிறேனா என்று பார்த்தார். நின்றுகொண்டிருந்தேன். "வாங்க டீச்சர், போயிட்டாரு," என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். ரிக்ஷா தெருமுனை திரும்பும்வரை நான் நகரவில்லை.

நர்சுகள் சேகரின் கழுத்தைத் தடவிப் பார்த்து எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சிவந்த தடம் மட்டும் இருந்தது. வீட்டில் வாலிபால் வலை அறுத்துவிட்டது என்று சொன்னானாம். அவன் எனக்குச் சொன்ன ஒன்று மட்டும் இங்கே போதும். "அவரு கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சி டீச்சர். என்னைவிட அவருதான் ரொம்ப பயந்துபோய் இருந்தாரு."

அடுத்த சில நாட்கள் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட எனக்குக் கை வரவில்லை. சேகரின் வீட்டார் வருவார்களோ, போலீஸ் வருமோ, வேலை போகுமோ என்று வாசலில் நிழல் விழும்போதெல்லாம் திடுக்கிட்டேன். கிடங்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை பள்ளி விட்ட பிறகு டிராயிங் அறை வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். கறுப்புக் குடை, கழுத்தில் சிலுவை. முசியேவின் மனைவி, மதலேன் அக்கா.

"நீங்கதானா கமலா டீச்சர்?" என்றார். "உங்களைத் திட்டுறதுக்கு வரல. ஒண்ணு கேக்கணும்."

உட்காரச் சொன்னேன். குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து பாக்குறேன். திடீர்னு எழுந்துபோய் வாசக்கதவுகிட்ட நின்னுடுவாரு. விடியற வரைக்கும் நிப்பாரு. கூப்ட்டா காதுல விழாது. தொட்டா..." என்று நிறுத்தி, ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஃபாதர்கிட்ட சொன்னேன், ஜெபம் பண்ணும்மான்னாரு. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, மாத்திரை போட்டா நின்னுக்கிட்டே தூங்குறாரு. ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வந்து, 'மதலேன், என்னை மாத்திட்டாங்க'ன்னு சொன்னாரு. சொல்லிட்டுப் படுத்தவரு மறுநாள் பூசைக்கு மணியடிக்கிற வரைக்கும் அசையல. அப்பிடி தூங்கி நான் பாத்ததே இல்ல." அவர் குரல் தாழ்ந்தது. "இன்னா சொன்னீங்க டீச்சர்? அதை எனக்குச் சொல்லிக்குடுங்க."

நான் மறுத்தேன். கிடங்கில் என்னோடு பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வீட்டில் இவர் தனி. ஒரு வார்த்தை தவறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இது வைத்தியமில்லை, அவசரத்துக்குச் செய்தது, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லிக்குடுக்கலன்னா நான் சும்மா இருப்பேன்னு நெனைக்கிறீங்களா?" என்றார். "நானா ஏதாவது சொல்லிப் பாப்பேன். அதுக்கு இது தேவல இல்ல?"

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே பெஞ்சுகளைத் தள்ளிவைத்துவிட்டு ஒத்திகை பார்த்தோம். நான் காவல்காரன். சத்தமாக நடந்து வர வேண்டும், பின்னாலிருந்து வரக்கூடாது, கை எட்டாத தூரத்தில் நின்று பெயர் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது. ஒவ்வொன்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நான் முசியே கேட்டதுபோலவே, "ஏன் இவ்ளோ நேரம்?" என்றேன்.

மதலேன் அக்கா வாயைத் திறந்தார். நான் சொல்லிக்கொடுத்த பதில் வரவில்லை.

"எனக்கு யாரும் வழி சொல்லல," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி பண்ணலாம் டீச்சர்," என்றார்.

இங்கே உங்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்க நிறைய ஆட்டங்கள் செய்தேன். கனகசெட்டிக்குளத்து மணலில் செய்தேன், ஆசிரியர் பயிற்சிகளில் செய்தேன். ஒரு வேடத்தை ஒருவருக்குக் கொடுப்பதற்கு முன்னால், இதிலிருந்து இவர் எப்படி வெளியே வருவார் என்று கேட்டுப் பதில் கிடைக்காமல் எதையும் தொடங்கியதில்லை. ஆடுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. விண்ணப்பத்தில் எழுதச் சொன்னாலும் எழுதமாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. பயத்தை உள்ளே வைப்பதில் திறமை ஒன்றுமில்லை. இருட்டும் அமைதியும் இருந்தால் அது தானாக வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் அதைக் கூப்பிட்டால், அது வந்த பிறகு அருகே நடந்துபோகத் தயாராக இருங்கள்.

அந்த ஒத்திகைக்குப் பிறகு பல வாரங்கள் மதலேன் அக்காவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவர்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். வீட்டு முன்னால் கூட்டம் நிற்பதைப் பார்த்துவிடுவேனோ என்ற பயம்.

ஒருநாள் காலை பெரிய மார்க்கெட்டில், மீன் வாங்கும் இடத்தில், பின்னாலிருந்து "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். மதலேன் அக்காதான். கண் இரண்டும் உள்ளே போய், கீழே கறுத்திருந்தது.

"என்னக்கா ஆச்சி?"

"நேத்து நின்னாரு டீச்சர். அவரு செருப்பையே போட்டுக்கிட்டு நடந்து போனேன். நீங்க சொன்னாப்பலதான் எல்லாம் சொன்னேன். ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டாரு, சொன்னேன். நேரா போய்ப் படுத்துட்டாரு."

"அப்பறம் ஏன்க்கா உங்க கண்ணு இப்பிடி இருக்குது?"

"காவலை வாங்கிட்டேன் இல்ல? நான் நின்னேன்."

"விடியற வரைக்குமா? அவருதான் தூங்கிட்டாரே, நீங்களும் போய்ப் படுத்திருக்கலாமே!"

மதலேன் அக்கா கூடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நடுவுல ஒரு வாட்டி கண்ணைத் தொறந்து பாத்தாரு டீச்சர்," என்றார். "நான் நிக்கிறதைப் பாத்துட்டு, திரும்பிப் படுத்துக்கினாரு."